டிரங்குப் பெட்டியில் ஒரு நூறு ரூபாத் தாள்

லயத்து வீட்டை ஒதுங்க வைக்கும்போது டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்தோ, பிறப்புச் சான்றிதழ் வைத்த கவரிலிருந்தோ பழைய நோட்டு ஒன்று விழுவது மலையகத்தில் புதினமான காரியமில்லை. பட்டிப்பொலயானாலும் அட்டனானாலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: “அம்மாயி வச்சிருந்த இந்தத் தாள் இன்னமும் செல்லுமா?”

பதில் நோட்டிலேயே அச்சாகி இருக்கிறது. எல்லாரும் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது திகதியை. மத்திய வங்கி 1950இல் தொடங்கப்பட்ட பிறகு வெளியிட்ட நோட்டுகள் எவ்வளவு பழையதானாலும் சட்டப்படி செல்லும். விலக்கு ஒன்றே ஒன்று: 1970 ஒக்டோபர் 26க்கு முந்திய திகதியிட்ட 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள். ஆக, அதே பெட்டியில் கிடக்கும் 1960ஆம் ஆண்டுப் பத்து ரூபா இன்றும் காசு. பக்கத்தில் கிடக்கும் நூறு ரூபா வெறும் காகிதம்.

இந்த விசித்திரத்துக்குக் காரணமானவர் கலாநிதி என்.எம். பெரேரா. லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர், 1970 மே மாதம் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் நிதியமைச்சர். ஒக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை, அந்த இரண்டு பெரிய நோட்டுகளும் செல்லாதவையாகப் போகின்றன என்ற அறிவிப்பு வந்தது. நவம்பர் 3ஆந் திகதியோடு அவற்றின் கதை முடிந்தது. இடையில் இருந்த அந்தச் சில நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அதே வாரத்தில்தான் தீபாவளியும் வந்தது. வரி கட்டாமல் பெட்டகத்தில் பதுக்கிய பணத்தை வெளியே இழுப்பதுதான் நோக்கம். இந்தியா 1946இலும் 1978இலும் செய்ததும், 2016 நவம்பர் 8 இரவு செய்ததும் இதே வைத்தியம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 2016இல் இந்தியா செல்லாது என்றது அன்றாடம் கைமாறிய 500, 1000 ரூபாத் தாள்களை. அதனால் கூலிக்காரரும் வரிசையில் நின்றார்கள். இலங்கையில் அன்று 1, 2, 5, 10 ரூபாவுக்கு அடுத்தது நேராக 50தான். இருபது ரூபாத் தாளே 1979இல்தான் வந்தது. கொழுந்தெடுத்துச் சம்பளம் வாங்கியவர்களின் கையில் புழங்கியவை பெரும்பாலும் சின்ன நோட்டுகள். அவற்றை அரசாங்கம் தொடவில்லை. அந்த வகையில் பெரேராவின் கத்தி விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது என்பேன். அதற்காக ஒருவரும் தப்பாமல் பிடிபட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. சின்ன நோட்டுகளைக் கடையில் கொடுத்து ஒரு நூறாக மாற்றி, துணியில் முடிந்து வைத்த குடும்பங்கள்தான் பாவம். இன்று டிரங்குப் பெட்டியிலிருந்து விழுகிற நூறு ரூபாத் தாள்களில் பல அப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும்.

திகதி மங்கிப்போயிருந்தால் கையெழுத்தைப் பாருங்கள். இலங்கை நோட்டில் நிதியமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையொப்பமிடுவார்கள். பெரேராவுக்கு முன்பு, 1965 முதல் 1970 வரை, நிதியமைச்சராக இருந்தவர் யூ.பீ. வன்னிநாயக்க. அவருடைய கையெழுத்துள்ள நூறு ரூபா என்றால் அது செல்லாத வகைதான். படமும் ஓரளவு காலம் சொல்லும். 1952 ஜூன் 3 திகதியிட்ட வரிசையில் எலிசபெத் ராணி. 1956இல் ஆட்சி மாறியதும் ராணி இறங்கி, அரச சின்னம் ஏறியது. அதன்பின் 1956இல் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும், பொலன்னறுவையில் பராக்கிரமபாகுவுடையது என்று சொல்லப்படும் கற்சிலையும் வந்தன. அரசியலின் போக்கைப் பாராளுமன்றப் பதிவேட்டைப் புரட்டாமலே நோட்டுகளில் படித்துவிடலாம்.

அடுத்து, அசல்தானா என்று அறியத் தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். வெற்றிடம் போலத் தெரியும் பகுதியில் ஒரு சிங்கத் தலை தெரியவரும். அது மையால் அச்சிட்டதல்ல. பஞ்சு நாரைக் கரைத்த கூழ் கம்பி வலையில் படிந்து தாளாகும்போது, வலையில் மேடும் பள்ளமுமாக உருவம் அழுத்தியிருக்கும். மேடான இடத்தில் நார் குறைவாகப் படியும், பள்ளத்தில் தடிப்பாகப் படியும். வெளிச்சம் மெல்லிய இடத்தில் கூடுதலாகவும் தடித்த இடத்தில் குறைவாகவும் ஊடுருவுவதால் உருவம் தெரிகிறது. இதுதான் நீர்க்குறி. தாள் ஈரமாக இருக்கும்போதே உருவாவதால் பிறகு யாரும் அதைச் சேர்க்க முடியாது. விரலால் தடவினால் எழுத்துகள் சொரசொரப்பாக இருக்கும். உலோகத் தகட்டில் செதுக்கிய கோடுகளில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளை அமுக்கி எடுப்பதால் மை மேடாக நிற்கிறது.

இந்த நாட்டில் அரசாங்க ரூபா நோட்டு பிறந்ததே மலைநாட்டுத் தோட்டங்களால்தான். கோப்பிச் செடியை 1869இலிருந்து இலைத்துரு நோய் தின்றது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே 3இல் கதவடைத்தது. அந்த வங்கியின் நோட்டுகள்தான் அன்று ஊரெங்கும் காசு. அன்றைய பிரித்தானிய ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்து நிலைமையைக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டே அரசாங்கம் தன் சொந்த நோட்டுகளை வெளியிட்டது. கொழுந்தெடுக்கும் பெண்கள் நோட்டில் ஏறுவதற்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது: 1991 திகதியிட்ட நூறு ரூபாவின் பின்பக்கத்தில் அவர்களைக் காணலாம். அது இன்றும் செல்லும்.

உங்கள் வீட்டில் 1970 ஒக்டோபர் 26க்கு முந்திய 50 அல்லது 100 கிடைத்தால் வங்கியில் மாற்ற முடியாது. நாணயம் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள். ராணி படம் போட்டதற்கு நல்ல கிராக்கி உண்டு. மடிப்பில்லாத தாளுக்கும் கசங்கிய தாளுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும். அதனால் அதைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு டேப் ஒட்டாதீர்கள். முதலில் வருகிறவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கவும் வேண்டாம். கொழும்புக்குப் போனால் கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்தில் பழைய நோட்டுகளைப் பார்த்து, உங்களுடையது எந்த வரிசை என்று தெரிந்துகொண்டு பிறகு பேரம் பேசுங்கள்.