ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுக்கலாமா?

"அக்கா, இதைப் பாப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டு, தங்கை ஒரு பாட்டிலை என் முன்னால் வைத்தாள். உள்ளே கரடிக்குட்டி வடிவத்தில் ஆரஞ்சு நிறக் கம்மி மிட்டாய்கள். மூடிக்குக் கீழே பெரிய எழுத்தில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்'. பாப்பாவுக்கு ஐந்து வயது. முழங்கை மடிப்பில் எக்ஸிமா, பனிக்காலம் வந்தால் இளைப்பு, முட்டை ஒத்துக்கொள்ளாது. யாரோ பள்ளி வாசலில் சொல்லி வாங்கியிருக்கிறாள்.

"எதுக்குக் கொடுக்கப்போற?" என்று கேட்டேன். "அரிப்பு குறையுமாம்" என்றாள்.

அரிப்பு குறையுமா?

எக்ஸிமாவுக்கு உணவுச் சப்ளிமென்ட் உதவுமா என்று நடந்த ஆய்வுகளை 2012-ல் காக்ரேன் அமைப்பு ஒன்றுசேர்த்து அலசியது. வைட்டமின் ஈ, செலினியம் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களும் அதில் இருந்தன. நம்பிக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. எக்ஸிமாவுக்கு இன்றும் முதல் மருந்து, குளித்த ஈரம் காய்வதற்குள் தாராளமாகப் பூசும் மாய்ஸ்சரைசர்தான்.

கொடுத்தால் நல்லது நடக்காவிட்டாலும் கெட்டது நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டைத் தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994-ல் வந்த முடிவு அது. அவர்கள் குழந்தைகள் அல்ல, உண்மைதான். ஆனால் கேரட்டில் இருக்கும்போது நல்லதாக இருக்கும் சத்து, மாத்திரையாக அளவு மீறும்போதும் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது.

பாட்டிலின் பின்பக்கம்

எளிதில் ஒவ்வாமை வரும் பிள்ளைக்கு ஆபத்து பெரும்பாலும் வைட்டமினில் இல்லை, அதோடு சேர்ந்து வருவதில் இருக்கிறது. தங்கை கொண்டுவந்த பாட்டிலைத் திருப்பினேன். கொசுக்கால் எழுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க முடிந்தது. ஜெலட்டின், ஐஎன்எஸ் 110, ஐஎன்எஸ் 211, கடைசியில் புரோபோலிஸ்.

ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான எண். 110 என்றால் சன்செட் யெல்லோ, ஆரஞ்சு சாயம். 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் வைக்கும் பொருள். இந்தச் சாயம் சேர்ந்த உணவு பிள்ளைகளின் துறுதுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் லேபிளில் எச்சரிக்க வேண்டும். இந்தப் பாட்டிலில் இல்லாவிட்டாலும், 220 முதல் 228 வரையிலான எண்களையும் தேடிப் பாருங்கள், அவை சல்ஃபைட்டுகள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும்.

நான் பயந்தது புரோபோலிஸைப் பார்த்துத்தான். தேனீக்கள் சேர்க்கும் பிசின் அது. அதுவும், ராயல் ஜெல்லியும், மகரந்தப் பொடியும் 'இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று விற்கப்படுகின்றன. ராயல் ஜெல்லி சாப்பிட்ட ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடும் ஒவ்வாமை வந்து உயிர் போனதும் உண்டு. இளைப்பு வரும் பிள்ளைக்கு இந்த மூன்றும் வேண்டாம்.

அளவு

நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்டான வைட்டமின் சி ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம் போதும், 650-ஐத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கக் கணக்கு. கடையில் கிடைக்கும் சப்பிச் சாப்பிடும் மாத்திரை ஒன்றிலேயே 500 இருக்கிறது. மிட்டாய் என்று பிள்ளை இரண்டு தின்றால் எல்லை தாண்டிவிடும், வயிற்றுப்போக்கு வரலாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பாதிக் கொய்யா போதுமே!

டாக்டரைக் கேட்காமல் கூடாது

ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அதிக அளவு வைட்டமின் சி, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றும் பிள்ளையின் உடலில் இரும்பு தேங்கியிருக்கும். அந்த நிலையில் இந்த வைட்டமின் இதயத்தைப் பாதிக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக்கூடாது.

டாக்டர் சரி என்றால்

ஒரு சமயத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். பல சத்துகள் கலந்த பாட்டில் வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று தெரியாது. விடுமுறை நாள் காலையில், குறைந்த அளவில் தொடங்குங்கள். பிள்ளை தூங்கப்போகும் நேரத்தில் கொடுத்தால் உதடு வீங்குவது யார் கண்ணிலும் படாது. இரண்டு வாரம் தோல், மூச்சு, வயிறு, தூக்கம் நான்கையும் நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் சோப்பையும் மாற்றாதீர்கள். முன்பு கடும் ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது.

தடிப்பு வந்தால் நிறுத்துங்கள். உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், பிள்ளை துவண்டு போனாலும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது பேரை மட்டும் சொல்லாதீர்கள், பாட்டிலையே கையோடு எடுத்துப்போங்கள். தங்கை மறுநாளே அப்படித்தான் எடுத்துப்போனாள். பாப்பாவுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.