செவிக்கற்களின் புரதங்கள்: ஒரு குறிப்பு

உட்செவியின் இரு சிறு பைகளில், உணர்மயிர்க் கலங்களின் மேலுள்ள களிப்படலத்திற் செவிக்கற்கள் எனப்படும் நுண்பளிங்குகள் பதிந்துள்ளன. தலை சாயும்போது புவியீர்ப்பு அவற்றை இழுக்க, மயிர்கள் வளைகின்றன. உடலின் நிலையை மூளை அறிகிறது.

இப்பளிங்குகளின் பெரும்பகுதி கல்சியங் காபனேற்று, சிறுபகுதியே புரதம். எனினும் வடிவத்தை நிர்ணயிப்பதில் இச்சிறுபகுதியின் பங்கு பெரிது. பளிங்கின் ஒவ்வொரு வகைக்கும் தனித்துவமான புரதம் உண்டென 1991இல் போற், றொஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். முலையூட்டிகளின் கல்சைற்றுப் பளிங்குகளில் மேலோங்கி நிற்பது ஓற்றோகோனின்-90 என்னும் புரதமாகும். இது கொழுப்பைப் பகுக்கும் நொதியமொன்றின் அமைப்பை ஒத்தது. ஆயின் அந்நொதியத்தின் தொழில் இதற்கில்லை. பழைய அமைப்பொன்று புதிய பணியை ஏற்றுள்ளது.

இப்புரதத்துக்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. அவற்றிற் பளிங்குகள் அறவே தோன்றாமற் போகவில்லை. எண்ணிக்கையிற் குறைந்து, அளவிற் பெருத்து, உருத்திரிந்து தோன்றின. விலங்குகளின் சமநிலையும் குன்றியது. எனவே, செவிக்கல்லின் உருவத்தைக் கனிப்பொருளின் இயல்பு மட்டுமே தீர்மானிக்கிறது என்னும் இயந்திரவாத விளக்கம் போதாது. புரதம் ஒழுங்கமைக்கிறது, கனிப்பொருள் பாரத்தை அளிக்கிறது. ஒன்றின்றி மற்றையது பயன்படாது.

இது வெறும் ஆய்வுகூட விவகாரமன்று. முதுமையிற் செவிக்கற்கள் சிதைகின்றன. அவை கழன்று அரைவட்டக் கால்வாய்களுட் புகுவதாலேயே முதியோர் பலர் தலைச்சுற்றுக்குள்ளாகி விழுகின்றனர். தலையை முறைப்படி திருப்பிக் கற்களை வெளியேற்றும் சிகிச்சை பயன் தருகிறது. ஆனால் அது சிதைவைத் தடுப்பதில்லை. தடுக்கும் வழியைத் தேடுவோர் இப்புரதங்களைப் புறக்கணித்தல் இயலாது.