பெரிய கோயில் சுவரில் ஒரு பங்காளி வரலாறு – தெரியுமா?

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகளை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதே கோயிலின் தென்மேற்குத் திருச்சுற்றுச் சுவரில் ஒரு குடும்பத்தின் வம்சாவளி முழுவதும் மராத்தி மொழியில் செதுக்கப்பட்டிருக்கிறது, தெரியுமா? ‘போன்ஸ்லே வம்ச சரித்திரம்’! 1803-ல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்தது. உலகின் மிக நீளமான கல்வெட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

காவிரி பாயும் நெல்வயல்களை ஆண்ட இந்தக் குடும்பத்துக்குப் பூர்விகம் எது தெரியுமா? எல்லோரா! ஆம், குகைக்கோயில்களுக்குப் பேர்போன அதே எல்லோராதான். அங்கே பட்டேல், அதாவது ஊர்த்தலைமை பார்த்த குடும்பம். மாலோஜி போன்ஸ்லேவுக்கு நெடுநாள் பிள்ளையில்லை. அகமதுநகரில் ஷா ஷரீஃப் என்ற சூஃபி ஞானியை வேண்டிக்கொண்டார், இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள் என்கிறது மரபு. ஒருவருக்கு ஷாஹாஜி, இன்னொருவருக்கு ஷரீஃப்ஜி. ஞானியின் பெயரையே பாதி பாதியாக இருவருக்கும் சூட்டிவிட்டார்!

அந்த ஷாஹாஜிக்கு மூத்த தாரம் ஜீஜாபாய் பெற்ற பிள்ளைதான் சத்ரபதி சிவாஜி. இளைய தாரம் துக்காபாய் பெற்றவர் ஏகோஜி. பிஜப்பூர் சுல்தானின் தளபதியாகத் தெற்கே வந்த ஏகோஜி, 1670-களின் நடுவில் நாயக்கர்களின் தஞ்சையைத் தனதாக்கிக்கொண்டார். 1677-ல் அண்ணனே படையோடு வந்து இறங்கினார்! கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடிப் பக்கம் பேச்சுவார்த்தை. எதைப் பற்றி? அப்பா சொத்தில் என் பங்கு எங்கே என்று! அசல் பாகப்பிரிவினைத் தகராறு. சில நாள் அண்ணனோடு தங்கிய தம்பி, இரவோடு இரவாகக் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்கே திரும்பிவிட்டார்.

இன்னொரு வியப்பு! 1674-ல் சிவாஜி முடிசூடியபோது, போன்ஸ்லேக்கள் சித்தோர்க் கோட்டையை ஆண்ட சிசோதியா ராஜபுத்திரர்களின் வழி, சூரிய குலம் என்று வம்சாவளி காட்டப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இதில் இன்றும் ஒன்றுபடவில்லை. ஆனால் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் சோழர் குலத்தைச் சூரியனிலிருந்தே தொடங்குகின்றன! ஆக, தஞ்சையை ஆண்ட இரண்டு குடும்பங்களுக்கும் ஆதி மூதாதை சூரியன். பழம்பெரும் வம்சம் காட்டும் இதே ஆசை இங்கிலாந்திலும் உண்டு. 1066-ல் அந்த நாட்டை வென்ற வில்லியம் மன்னரோடு கடல் கடந்து வந்த நார்மன் பிரபுக்களின் பட்டியலில், பின்னாளில் பல குடும்பங்களின் பெயர்கள் புதிதாக நுழைந்தன.

சரி, சரபோஜி ஏன் 1803-ல் இதைக் கல்லில் ஏற்றினார்? இங்கேதான் மனம் கனக்கிறது. அவர் துளஜா மன்னர் பெற்ற பிள்ளையல்ல. பங்காளிக் கிளையிலிருந்து 1787-ல் சுவீகாரம் எடுக்கப்பட்டவர். அந்தச் சுவீகாரம் செல்லாது என்று துளஜாவின் தம்பி அமர்சிங் பட்டத்தில் அமர்ந்துவிட, சரபோஜிக்கு 1798-ல்தான் அரியணை கிடைத்தது. மறு ஆண்டே உடன்படிக்கை போட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. அவருக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமும்தான். அடுத்த நான்கு ஆண்டில் வம்சாவளி சுவரில் ஏறியது. என்னைக் கேட்டால், தன் உரிமையை யாரும் அழிக்க முடியாதபடி சொல்ல அவருக்கு அந்தச் சுவரைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் அரண்மனைச் சொத்தையும் கம்பெனி அள்ளிக்கொண்டது. ராணி காமாட்சி பாய் சாகேபா வழக்குப் போட்டார், சென்னையில் ஜெயித்தார்! ஆனால் 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று கைவிரித்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது.

இந்தக் குடும்பத்தின் கதை சுவரில் மட்டுமல்ல, தாளிலும் இருக்கிறது. தஞ்சை மராத்தியர் அரசின் கணக்குகளும் கடிதங்களும், மராத்தியை எழுதப் பயன்பட்ட ‘மோடி’ எழுத்தில் சரசுவதி மகால் நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். டெல்டாவில் உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய மிராசு வீட்டுப் பெட்டியிலோ, மேலே நீளக் கோடிழுத்து அதன் கீழே சுழித்துச் சுழித்து எழுதிய தாள் கிடைத்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.