எந்தக் கால் முதலில்?

என் குட்டி விஞ்ஞானியே! குதிரை ஓடும்போது எந்தக் கால் முதலில் போகும் என்று கேட்டாயே, சபாஷ்! பெரியவர்களில் பலருக்கும் தோன்றாத கேள்வி இது.

முதலில் ஒரு விளையாட்டு. குதிரை மாதிரி 'டக்டக், டக்டக்' என்று துள்ளி ஓடு. ஒரு கால் எப்போதும் முன்னே இருக்கட்டும். இப்போது மாமரத்தை உன் இடப்பக்கம் வைத்துச் சுற்றி வா. இடது கால் முன்னே இருந்தால் சுகமாக இருக்கும். வலது காலை முன்னே வைத்துப் பார். கால் பின்னிக்கொள்கிறதா?

குதிரைக்கும் அப்படித்தான். அது மிதமான வேகத்தில் தாவி ஓடுவதைக் 'கேன்டர்' என்பார்கள். அப்போது ஒரு பக்கத்து முன்னங்கால் கூடுதலாக முன்னே நீளும். அதுதான் 'லீட்'. இடப்பக்கம் வளைந்தால் இடது லீட் வேண்டும். வலப்பக்கம் வளைந்தால் வலது லீட். புரிகிறதா?

இப்போது காதைத் தீட்டிக்கொள். கேன்டரில் பள்ளி மணி போல மூன்று அடி கேட்கும்: டங், டங், டங். பிறகு ஒரு சின்ன அமைதி. இடது லீடில் முதல் அடி வலது பின்னங்கால். இரண்டாவது, இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து. மூன்றாவது அடிதான் இடது முன்னங்கால். அந்த அமைதியில் நான்கு கால்களும் அந்தரத்தில்!

வேடிக்கையைப் பார்த்தாயா? முந்துவது போலத் தெரியும் கால், கடைசியில்தான் தரையைத் தொடுகிறது.

அதனால் குதிரைமேல் அமர்ந்து அதைப் பழக்குபவர், இடது லீடைக் கேட்க என்ன செய்வார்? குதிரையை மெதுவாக ஓட்டி, இடப்பக்கம் வளையும் இடத்துக்குக் கொண்டுவருவார். தன் வலது காலைச் சற்றுப் பின்னே நகர்த்தி, குதிரையின் விலாவில் இலேசாக அழுத்துவார். ஏன் வலது கால்? தாவலைத் தொடங்குவது வலது பின்னங்கால் அல்லவா! அதனிடம்தான் "நீ ஆரம்பி" என்று சொல்கிறார்.

தப்பான லீடில் தாவினால் அடிக்க மாட்டார். வேகத்தைக் குறைத்து, அடுத்த வளைவில் மறுபடி கேட்பார். சரியாகச் செய்ததும் கழுத்தில் தட்டிக்கொடுப்பார். நமக்கு வலது கை, இடது கைப் பழக்கம் இருப்பது போல, பல குதிரைகளுக்கும் ஒரு பக்கம் எளிது. ஆகவே இரண்டு பக்கமும் பொறுமையாகப் பழக்க வேண்டும்.

சரி, உனக்கு ஒரு கணக்கு. குதிரை வலப்பக்கம் வளைகிறது. முதல் அடி வைக்க வேண்டியது எந்தக் கால்? மாமரத்தை வலப்பக்கம் வைத்து ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து சொல்!