‘தெஃப்ட்’, ‘ராபரி’: சட்ட மொழிபெயர்ப்பில் ஒரு பொருள் வேறுபாடு

ஆங்கிலத்தில் ‘தெஃப்ட்’, ‘ராபரி’ என்னும் இரு சொற்களும் பிறர் பொருளைக் கவர்தலைக் குறிப்பினும் சட்ட வழக்கில் வேறுபடுவன. உடையவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் அசையும் பொருளை அகற்றுவது முன்னது. அதன் பொருட்டுக் காயமோ முறையற்ற தடுப்போ அவை பற்றிய உடனடி அச்சமோ விளைவிக்கப்படின் அது பின்னதாகும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்த இவ்வேறுபாடு, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் (பிரிவுகள் 303, 309) தொடர்கிறது. பொதுநிலையில் முன்னதற்கு 3 ஆண்டு வரையும் பின்னதற்கு 10 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு.

சட்டத்தமிழில் இவை முறையே ‘திருட்டு’, ‘கொள்ளை’ எனப் பெயர்க்கப்படுகின்றன. நாளிதழ்த் தமிழோ, ஆளில்லாத வீட்டில் நகைகள் களவுபோயினும் ‘கொள்ளை’ என்கிறது. அங்குப் பொருளின் மிகுதியே அச்சொல்லைத் தூண்டுகிறது. அதனை ‘ராபரி’ எனப் பெயர்ப்பின், நிகழாத வன்முறையொன்று குற்றச்சாட்டில் ஏறிவிடும்.