பாம்பு முட்டைக்கு 60 நாள் காவல்!

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. அமெரிக்காவிலோ பல வீடுகளில் பாம்புக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அதற்குச் செல்லப் பெயரும் உண்டு. அது முட்டை இட்டுவிட்டால் போதும், வீட்டில் ஒரே பரபரப்பு!

பெட்டியில் இருப்பது நல்ல பாம்பு அல்ல. விரியனும் அல்ல. அதன் பெயர் சோளப் பாம்பு. அதற்கு விஷம் கிடையாது. வடக்கே நியூஜெர்சியில் இருந்து தெற்கே புளோரிடா வரை, காடுகளிலும் வயல் ஓரங்களிலும் அது வாழ்கிறது. நம் ஊர்ச் சாரையைப் போல எலியைத் தேடித் தின்னும்.

சோளப் பாம்பு என்று ஏன் பெயர் வந்தது? மக்காச்சோளக் களஞ்சியத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். அதனால் வந்த பெயர் என்கிறார்கள் சிலர். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, பல நிற மணிகள் கொண்ட சோளக் கதிரைப் போல இருக்கும். அதுதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர்.

முதுகில் சிவப்புத் திட்டுகள். திட்டைச் சுற்றிக் கறுப்புக் கரை. நல்ல அழகு! அந்த அழகே அதற்கு எமன். 'செம்புத்தலையன்' என்ற விஷப் பாம்பும் ஏறக்குறைய அதே சாயலில் இருக்கும். அது என்று எண்ணி இதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

முதல் கேள்வி

வளர்ப்பவருக்கு ஒரு நாள் ஆசை வரும். "ஒரு ஜோடி சேர்த்து, முட்டை பொரிக்க வைத்தால் என்ன?"

அனுபவசாலிகள் உடனே ஒரு கேள்வி போடுவார்கள். "குட்டிகளை என்ன செய்யப் போகிறீர்கள்?"

சரியான கேள்விதான். ஒரு தடவைக்கு 10 முதல் 30 முட்டை வரை இடும். பதினைந்து குட்டி பொரித்தால் பதினைந்து பெட்டி வேண்டும். ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடக்கூடும். பதினைந்துக்கும் தனித்தனியாகத் தீனி. வாங்கிக் கொள்ள ஆள் கிடைக்கும் வரை அத்தனையும் வளர்ப்பவர் பொறுப்பு.

காட்டில் விட்டுவிட்டால் என்ன? அது மட்டும் கூடாது. வீட்டுப் பாம்பின் நோய் காட்டுப் பாம்புக்குத் தொற்றும். வேறு நாட்டில் விட்டால் அங்குள்ள பறவைகளுக்கும் சிறு பிராணிகளுக்கும் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் சோளப் பாம்பை வளர்க்கவே தடை. அமெரிக்காவிலும் ஜார்ஜியா மாநிலத்தில் அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. அங்கே அது காட்டுக்குச் சொந்தமான பிராணி.

நம் நாட்டில் சாரையையோ நல்ல பாம்பையோ பிடித்து வளர்ப்பது, 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மூன்று மூன்று

பெண் பாம்புக்கு ஒரு கணக்கு உண்டு. வயது மூன்று. நீளம் மூன்று அடி. எடை 300 கிராம். இந்த மூன்றும் நிறைந்த பிறகே ஜோடி சேர்ப்பார்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும்? சிறிய உடம்பில் முட்டை சிக்கிக்கொள்ளும். வெளியே வராது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படியும் பாம்பு செத்துப்போவது உண்டு.

காட்டில் குளிர்காலம் வந்தால் சோளப் பாம்பு பொந்துக்குள் போய் முடங்கிவிடும். வசந்தம் வந்ததும் வெளியே வந்து ஜோடி தேடும். வீட்டிலும் இதையே செய்து காட்டுகிறார்கள். இரண்டு, மூன்று மாதம் பாம்பைக் குளிர்ந்த அறையில் வைப்பார்கள். வெப்பம் 50 முதல் 60 டிகிரி பாரன்ஹீட் வரை. குடிக்கத் தண்ணீர் உண்டு, இரை இல்லை. குளிரில் இரை செரிக்காது. வயிற்றிலேயே அழுகிவிடும். அதனால் இரண்டு வாரம் முன்னதாகவே இரையை நிறுத்திவிடுவார்கள்.

பிறகு மெல்ல மெல்லச் சூடு. வயிறு நிறைய எலி. பெண் பாம்பு சட்டை உரித்ததும் ஆணை அதன் பெட்டியில் விடுவார்கள். மற்றது அவற்றின் பாடு.

இட்டதோடு சரி!

ஜோடி சேர்ந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆனதும் பெண் பாம்பு பருத்துவிடும். இரையைத் தொடாது. பெட்டிக்குள் மூலைக்கு மூலை அலையும். மறுபடியும் ஒரு முறை சட்டை உரிக்கும். அதுதான் அடையாளம். அதில் இருந்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முட்டை இடும். ஈரமான பாசி நிரப்பிய டப்பா ஒன்றை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர்க் கிண்ணத்திலேயே இட்டுவிடும். முட்டை அத்தனையும் நாசம்!

நம் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து அடை காக்கும். ராஜநாகம் சருகைக் குவித்துக் கூடு கட்டிக் காவல் இருக்கும். சோளப் பாம்பு அப்படி அல்ல. இட்டதோடு சரி. திரும்பிப் பார்க்காது. அதற்கு வேண்டியது இரைதான். இளைத்துப்போன உடம்பு தேற வேண்டுமே!

ஆகவே காவல் மனிதருடையது. முட்டைகள் வெள்ளையாக, தோல் போல மெத்தென்று இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். பிரிக்கக் கூடாது. புரட்டவும் கூடாது. கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடை காக்கும். பாம்பு முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடலாம். அதனால் முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். கடைசி நாள் வரை அந்தப் புள்ளி மேலேயே இருக்க வேண்டும்.

இருட்டில் விளக்கொளியைக் காட்டினால், கரு உள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும். அவற்றை ஈரப் பாசியில் வைத்து மூடி, 80 முதல் 84 டிகிரி சூட்டில் சுமார் 60 நாள் வைத்திருப்பார்கள். சூடு மிஞ்சினால் குட்டியின் முதுகெலும்பு கோணலாகும். ஈரம் மிஞ்சினால் முட்டை அழுகும், குறைந்தால் சுருங்கும்.

புதியவர்கள் தினமும் பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்ப்பார்கள். முட்டைக்கு அதனால் நன்மை ஒன்றும் இல்லை.

மூக்கு தெரிகிறது!

கடைசி நாட்களில் முட்டை சற்றே குழி விழும். பயப்பட வேண்டாம். குட்டியின் மூக்கு நுனியில் ஒரு சின்னப் பல் உண்டு. அதனால் முட்டைத் தோலைக் கீறும். கீறல் வழியே மூக்கு தெரியும். பிறகு? ஒன்றும் நடக்காது! ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், அப்படியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மிச்சம் உள்ள மஞ்சள் கருவை அதன் உடம்பு அப்போது உறிஞ்சிக்கொள்கிறது. கை பரபரத்துக் குட்டியை வெளியே இழுத்தால் அது பிழைக்காமல் போகலாம்.

வெளியே வந்த குட்டி பென்சில் பருமன்தான். நீளம் 8 முதல் 12 அங்குலம்.

சில சமயம் தாய்க்கும் தகப்பனுக்கும் இல்லாத நிறத்தில் ஒரு குட்டி வரும். இதன் ரகசியத்தை வெளிப்படுத்தியவர் பெர்னார்டு பெக்டல் என்ற தோல் டாக்டர். 1953-ல் வடக்குக் கரோலினாவில் ஒரு சோளப் பாம்பு பிடிபட்டது. அதன் உடம்பில் கறுப்பே இல்லை. டாக்டர் அந்த வழியில் குட்டிகளை வளர்த்தார். 1961-ல் கறுப்பு இல்லாத குட்டிகள் அவரிடம் பொரித்தன.

கணக்கு இதுதான். கறுப்பு இல்லாத பாம்பையும் சாதாரணப் பாம்பையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் அந்தக் குணம் உள்ளே ஒளிந்திருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால், நாலில் ஒன்று சிவப்புக் கண்ணும் ஆரஞ்சு உடம்புமாகப் பிறக்கும். இன்று விதவிதமான நிறங்களில் சோளப் பாம்பு விற்பனைக்கு வருவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதல் இரை

பொரித்து ஒரு வாரம், பத்து நாளில் குட்டி முதல் சட்டையை உரிக்கும். அதற்குப் பிறகே அதற்குப் பசி. பிறந்து ஓரிரு நாளே ஆன, முடி முளைக்காத சுண்டெலிக் குஞ்சுதான் இரை. அமெரிக்கக் கடைகளில் ஐஸில் உறைய வைத்து விற்கிறார்கள். அதை இளக்கி, சூடாக்கிக் கொடுப்பார்கள்.

பல குட்டிகள் உடனே விழுங்கிவிடும். ஒன்றிரண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காட்டில் இந்த வயதில் அவை பெரும்பாலும் தேடுவது பல்லியையும் சிறு தவளையையும் அல்லவா? அதனால் எலிக் குஞ்சைப் பல்லி மேல் தேய்த்து, வாசனை ஏற்றிக் கொடுத்துப் பார்ப்பார்கள். இருட்டில் தனியே விட்டுப் பார்ப்பார்கள். அப்படியும் தின்னாமல் மெலிந்து செத்துப்போகும் குட்டியும் உண்டு. முதல் தடவை வளர்ப்பவருக்கு அதைத் தாங்குவது கடினம்.

ஒரு குட்டி சில வேளை தொடர்ந்து இரை எடுக்கும் வரை பொறுப்புள்ளவர்கள் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். குட்டி தின்ற தேதியை அதில் எழுதி வைப்பார்கள்.