ஒன்றேகால் மணியில் சென்னையா?

(நமது நிருபர்)

ஹைதராபாத்: "பிளேனில் ஒன்றேகால் மணிதானே!" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். உல்லாசப் பயணத்துக்கு அந்தக் கணக்கு போதும். ஆனால் ஊரிலிருந்து துக்கச் செய்தி வரும்போது, "எத்தனை மணிக்கு வருவாய்? எடுக்காமல் வைத்திருக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்போது தவறான நேரத்தைச் சொல்லிவிட்டால், பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பாக்கியமும் போய்விடும்.

வானில் 510, ரயிலில் 790

ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் சுமார் 510 கி.மீ. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதையும் காத்திருப்பதையும் சேர்த்தே ஒன்றேகால் மணி என்று அட்டவணையில் போடுகிறார்கள்.

சார்மினார் எக்ஸ்பிரஸ் செல்லும் தூரமோ 790 கி.மீ. சென்னை தென்கிழக்கில் இருக்க, வண்டி முதலில் வடகிழக்கே காஜிபேட்டைக்குப் போய், பிறகு விஜயவாடாவுக்குத் திரும்புகிறது. நிஜாம் காலத்து ரயில்பாதை வாரங்கல் வழியாக 1889-ல் பெஜவாடாவை எட்டியதன் விளைவு இது. பெஜவாடாதான் இன்றைய விஜயவாடா. நல்கொண்டா, குண்டூர் வழியாகச் செல்லும் வண்டிக்குச் சுமார் 70 கி.மீ. மிச்சம்.

தூரம் கூடியது தரையில்

2008 மார்ச் வரை விமான நிலையம் பேகம்பேட்டையில் இருந்தது. மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர்வாசிகளுக்கு அது கூப்பிடு தூரம். ஷம்ஷாபாத்துக்கு மாறிய பிறகு, செகந்திராபாத்தில் இருப்பவர்கள் நகரத்தையே கடந்து போக வேண்டியிருக்கிறது. வானத்தில் தூரம் மாறவில்லை. வீட்டிலிருந்து விமானம்வரை உள்ள தூரம்தான் கூடிவிட்டது.

கணக்கு இதுதான்

காலை 10 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். மாரேட்பள்ளியில் 6.45-க்குப் புறப்பட்டால் 8 மணிக்கு ஷம்ஷாபாத். 9 மணிக்கு கவுண்டரை மூடிவிடுவார்கள். 11.15-க்கு மீனம்பாக்கம், பெட்டியை எடுத்து வெளியே வர 11.45. மயிலாப்பூர் வீட்டு வாசலை மிதிக்கும்போது பன்னிரண்டரை. ஒன்றேகால் மணி ஐந்தே முக்கால் மணி ஆகிவிட்டது! விழுப்புரம் என்றால், மீனம்பாக்கத்திலிருந்து காரில் போனாலும் பிற்பகல் மூன்று மணிக்குக் குறையாது.

எது நல்லது?

நள்ளிரவில் செய்தி வந்தால் காலை விமானமே வழி. பிற்பகலுக்குள் வந்தால் இரவு ரயிலையும் யோசிக்கலாம். தூங்கி எழுந்தால் காலையில் சென்னை. சார்மினார் தாம்பரம்வரை போவதால் தென்மாவட்டக்காரர்களுக்கு அனுகூலம். ஆனால் தத்கால் முன்பதிவு முதல்நாளே தொடங்கிவிடுகிறது. அன்றே புறப்படுபவர்கள், சார்ட் தயாரான பின் காலியிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பதிவில்லாப் பெட்டிதான் கதி. விமானத்தில் இடம் கிடைக்கலாம்; கடைசி நேரக் கட்டணம் பல மடங்கு ஏறியிருக்கும்.

எதில் போனாலும், ஊருக்கு போன் செய்யும்போது விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வாசலில் கால் வைக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு மணி சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே காத்திருப்பவர்கள் அந்த நேரத்தை வைத்துத்தான் மற்ற காரியங்களை முடிவு செய்வார்கள்.